பிளாஸ்டிக் கிற்றாருக்குக் காசு கொடுக்கலாமா?

பிளாஸ்டிக் கிற்றாரைப் பிடித்து ரீவியில் பாட்டோடு சேர்ந்து விளையாடும் றொக் பாண்ட், கிற்றார் ஹீரோ வகை வீடியோ விளையாட்டு ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் டிஸ்க்கின் விலையைத்தான் விசாரிப்பார்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும், இக்மன் தளத்தில் தேடினாலும் கேள்வி அதுதான். ஆனால் இந்தக் கணக்கில் டிஸ்க் மிகச் சின்னச் செலவு. காசு போவது கிற்றாருக்கு, அந்தக் கிற்றாரை இயந்திரத்தோடு இணைக்கும் விரல் நீள யூஎஸ்பி டொங்கிளுக்கு, சில வீடுகளில் ரீவிக்கும் ஸ்பீக்கருக்கும். இதைத் தலைகீழாகப் பிடித்தால் அலுமாரிக்கு மேலே தூசி படிகிற ஒரு பிளாஸ்டிக் கிற்றார்தான் மிஞ்சும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வேலை செய்யும் ஐந்து பொத்தான் கிற்றார் ஒன்று அதன் டொங்கிளோடு கிடைத்தால் வாங்குங்கள். விளையாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நல்லவற்றில் இரண்டு, கணினியில் ஓடும் க்ளோன் ஹீரோவும் யார்க்கும், இலவசம். ஒரே இசைக்குழுவின் பெயரில் வந்த டிஸ்க்கை, அந்தக் குழுவின் பாட்டு உங்களுக்கு உயிர் என்றால் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் ட்ரம்ஸ் வேண்டவே வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக விளையாட்டு முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் ஒரு பாதை உங்களை நோக்கி உருண்டு வரும். அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என ஐந்து நிற வில்லைகள். கிற்றாரின் கழுத்திலும் அதே ஐந்து நிறத்தில் பொத்தான்கள். இடக்கையால் பொத்தானைப் பிடித்தபடி, வில்லை கோட்டைத் தொடும் கணத்தில் வலக்கைப் பெருவிரலால் ஸ்ட்ரம் பாரை, அதாவது கம்பிகளுக்குப் பதிலாக உள்ள தட்டும் பட்டையை, தட்டவேண்டும். கிற்றார் ஹீரோவில் தவறாமல் 10 வில்லை அடித்தால் புள்ளி இரட்டிப்பாகும், 20இல் மூன்று மடங்கு, 30இல் நான்கு. சேர்த்து வைத்த சக்தியைக் கழுத்தை நிமிர்த்தி விடுவித்தால் எட்டு மடங்கு. 2005இல் ஹார்மோனிக்ஸ் நிறுவனமும் ரெட்ஒக்டேனும் பிளேஸ்டேஷன் 2க்குக் கொண்டுவந்த கிற்றார் ஹீரோவில் இது ஆரம்பித்தது. 2007இல் அதே ஹார்மோனிக்ஸ் றொக் பாண்ட் என்ற பெயரில் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், குரல் நான்கையும் ஒரு அறைக்குள் கொண்டுவந்தது.

பொத்தான் அழுத்துவதில் இசை எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயம். விடை ஒலிப்பதிவில் இருக்கிறது. பொதுவாக இந்த டிஸ்க்குகளில் இருப்பது நாம் வானொலியில் கேட்கும் கலந்து முடித்த பாட்டு அல்ல. கிற்றார் ஒரு தடத்தில், பேஸ் இன்னொரு தடத்தில், ட்ரம்ஸ் வேறு, குரல் வேறு என்று பிரித்தே வைத்திருப்பார்கள். நீங்கள் ஒரு வில்லையைத் தவறவிட்டால் அந்தக் கணத்தில் உங்கள் கிற்றார் மட்டும் அடங்கிவிடும், மற்றவர்கள் தொடர்ந்து வாசிப்பார்கள். அந்தச் சிறு மௌனம் காதில் பட்டதும் உடம்பு தானாக நிமிரும். ஒரு பாட்டில் பேஸ் என்ன செய்கிறது என்று வாழ்நாளில் கவனிக்காதவர்கூட, பேஸை எடுத்து நாலு தரம் விளையாடினால் பிறகு எந்தப் பாட்டிலும் அதைத் தனியாகக் கேட்கத் தொடங்குவார். காது இப்படித் திறப்பதற்காகத்தான் இந்த விளையாட்டுக்குக் காசு கொடுக்கிறோம். விரல் வேகத்துக்காக என்றால் இதைவிட மலிவான விளையாட்டுகள் நிறைய உண்டு.

ஒரே குழுவின் பெயரில் வந்த டிஸ்க்குகளை எடைபோடும்போது இதை மனதில் வையுங்கள். 2009 செப்டெம்பர் 9ஆம் திகதி வந்த 'தி பீட்டில்ஸ்: றொக் பாண்ட்' இவற்றில் முதன்மையானது. டிஸ்க்கில் 45 பாட்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு தடம், நான்கு தடம் மட்டும் கொண்ட நாடாக்களில் கிற்றாரும் ட்ரம்ஸும் ஒன்றாகவே பதிவாகியிருந்தன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் வேலையைத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினின் மேற்பார்வையில் செய்தார்கள். அந்த உழைப்பு விளையாடும்போது கேட்கிறது. மூன்று மைக் வைத்து மூன்று குரல் இணைந்து பாடும் வசதியும் றொக் பாண்டில் முதலில் வந்தது இந்த டிஸ்க்கில்தான்.

குறைகளும் உண்டு. இதன் பாட்டுகளை வேறெந்த றொக் பாண்டுக்கும் மாற்ற முடியாது. பிறகு தனியாக விற்ற மூன்று அல்பங்களும் இப்போது விற்பனையில் இல்லை. கிற்றார்ப் பகுதிகள் கடினத்தில் மிதமானவை. விரலுக்கு வேலை வேண்டும் என்கிறவருக்கு அதே ஆண்டு வந்த 'கிற்றார் ஹீரோ: மெற்றாலிக்கா' பொருந்தும். 49 பாட்டில் 28 அந்தக் குழுவுடையவை, இரண்டு கால் பெடலும் வேண்டும் என்கிற அளவுக்குக் கடினமான ட்ரம்ஸ் நிலையும் அதில் இருக்கிறது. 2010இல் வந்த 'கிரீன் டே: றொக் பாண்ட்' 47 பாட்டும் ஒரே குழுவுடையது. ஒரு குழுவின் ஒலி ஒன்றேதான் என்பதால் இந்த டிஸ்க்குகள் விரும்பாதவருக்கு இரண்டு மாலைக்குள் சலித்துவிடும். விரும்புகிறவருக்கோ அந்த ஒரே ஒலிக்குள் நுணுக்கம் நுணுக்கமாக இறங்கிப்போக முடியும். கூட்டமாக விளையாட, பல குழுக்களின் 83 பாட்டுகள் கொண்ட றொக் பாண்ட் 3 மேல்.

பழைய டிஸ்க்குகளைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2015இல் வந்த 'கிற்றார் ஹீரோ லைவ்' தன் பாட்டுகளில் பெரும்பகுதியை இணையம் வழியாக ஒளிபரப்பியது. 2018 டிசெம்பர் 1இல் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். டிஸ்க்கில் இருந்த 42 பாட்டு மட்டும் எஞ்சியது. றொக் பாண்ட் 4 வந்தது 2015 ஒக்டோபரில். பாட்டு உரிமங்கள் பத்து ஆண்டுக்கு எழுதப்பட்டவை, ஆகவே 2025 ஒக்டோபரில் அது இணையக் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் விளையாடலாம். இனி வாங்குகிறவர் பழைய டிஸ்க்கைத்தான் தேடவேண்டும், அதில் இருப்பது 65 பாட்டு. விற்கிறவர் வாங்கிச் சேர்த்த கூடுதல் பாட்டுகள் அவருடைய கணக்கோடு ஒட்டியவை, டிஸ்க்கோடு வராது. 'ஆயிரம் பாட்டு இருக்கு அண்ணே' என்று யாராவது சொன்னால், அது அவருடைய பிளேஸ்டேஷனையும் கணக்கையும் சேர்த்துத் தந்தால்தான் உண்மை.

கணக்கு என்றதும் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே அமெரிக்கக் கணக்கும் பிரித்தானியக் கணக்கும் கலந்து கிடக்கின்றன. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும், ஆனால் கூடுதல் பாட்டு டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்தினால்தான் சேரும். நின்டெண்டோ வீயில் டிஸ்க்கே பிராந்தியத்துக்குப் பூட்டப்பட்டது, லண்டன் டிஸ்க் ரொறொன்ரோ வீயில் ஓடாது.

மின்சாரமும் அப்படியே. கனடாவிலிருந்து பெரியம்மா மகன் கொண்டுவந்த எக்ஸ்பொக்ஸ் 360இன் பவர் பெட்டி 120 வோல்ற்றுக்குச் செய்தது. நம் 230 வோல்ற்றில் பிளக் மாற்றி நேரே குத்தினால் பெட்டி எரிந்துவிடும். வீயின் அடப்டரும் நாட்டுக்கு நாடு வேறு. பெட்டியின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயமின்றிக் குத்தலாம், இல்லையென்றால் 230 வோல்ற் அடப்டர் தேடுங்கள். கிற்றார் பற்றரியிலோ யூஎஸ்பியிலோ ஓடுவது, அதற்கு இந்தக் கவலை இல்லை. லண்டன் இயந்திரங்களும் நம் வோல்ற்றுக்கே செய்தவை, சிக்கல் இல்லை.

கிற்றாரை வாங்கும் இடம்

பழைய கிற்றார்களில் நான்கு குடும்பம் உண்டு. ஒவ்வொன்றும் எப்படி இணைகிறது என்பதில்தான் அதன் விலைமதிப்பு.

பிளேஸ்டேஷன் 3 கிற்றார் தன் சொந்த டொங்கிளோடு மட்டும் பேசும். வேறு மொடலின் டொங்கிள் ஒத்துவராது, எந்தக் கணினிக்கடை டொங்கிளும் உதவாது. 'டொங்கிள் துலைஞ்சுட்டுது, ஆனால் கிற்றார் புதுசு போல' என்ற விளம்பரத்தில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் சட்டகம். ஆனால் டொங்கிள் இருந்தால் இதுவே மிகச் சுலபம், கணினியிலும் பிளேஸ்டேஷன் 4இல் றொக் பாண்ட் 4க்கும் குத்தியதும் வேலை செய்யும்.

எக்ஸ்பொக்ஸ் 360 வயர்லெஸ் கிற்றாருக்குத் தனி டொங்கிள் கிடையாது, இயந்திரத்தோடு நேரே பேசும். கணினியில் விளையாட 360க்கான வயர்லெஸ் ரிசீவர் தேவை. சீனப் பிரதி ரிசீவர்களும் வேலை செய்யும், விண்டோஸ் மட்டும் தானாக அடையாளம் காணாது. டிவைஸ் மனேஜரில் அதன் ட்ரைவரைக் கையால் தெரிவுசெய்து, பட்டியலில் எக்ஸ்பொக்ஸ் 360 வயர்லெஸ் ரிசீவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ரிசீவர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்த ஒரு படி விடுபட்டவை. அடுத்து வந்த எக்ஸ்பொக்ஸ் வன் இயந்திரத்தில் இதே கிற்றாரைப் பயன்படுத்தத் தனி அடப்டர் வேண்டும், அதன் உற்பத்தி நின்று பல காலம். அதற்காகக் காசு கட்டாதீர்கள்.

நின்டெண்டோ வீக்கான கிற்றார் ஹீரோ கிற்றாருக்குள் வீ ரிமோட் பொருத்தவேண்டும். ரிமோட்டை விட்டுவிட்டு, கிற்றாரின் வயர் முனையைச் சிறிய யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் குத்தினால் தாமதம் மிகக் குறைந்த கணினிக் கிற்றார் ஆகிவிடும். வெளிநாட்டில் மலிவாகக் கிடைப்பதும் இதுதான். நான்காவது, பிளேஸ்டேஷன் 2இன் வயர்க் கிற்றார். யூஎஸ்பி மாற்றி போட்டால் கணினியில் ஓடும், ஆனால் மலிவான மாற்றிகள் சில பொத்தான்களை அம்புக்குறியாகப் படித்துக் குழப்பும்.

விற்பனையில் அடிக்கடி ஏமாற்றும் பொருள் ஒன்றையும் குறித்துவிடுகிறேன். பொத்தான்கள் வரிசையாக ஐந்து இல்லாமல், இரண்டு வரிசையில் மும்மூன்றாக இருந்தால் அது கிற்றார் ஹீரோ லைவ் கிற்றார். பார்க்கப் புதிதாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும், நிற விளையாட்டுகளுக்கு உதவாது.

புதிதாகவே வேண்டுமென்றால் பீடீபி நிறுவனம் 2024இல் கொண்டுவந்த ரிஃப்மாஸ்டர் இருக்கிறது. அறிமுக விலை 129.99 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 39,000, அதன் மேல் அனுப்புகூலி, சுங்கம், 18 வீத வற். பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் வேறுவேறு பதிப்பு, பார்த்து எடுங்கள். அதன் கழுத்து மடங்கும் என்பது நம்மைப் போல் தூரத்தில் இருப்பவருக்குப் பெரிய நன்மை. கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை போடுவார். 75க்கு 30க்கு 10 என்ற பெட்டி, கையில் எவ்வளவு லேசாக இருந்தாலும், நாலரைக் கிலோவாகக் கணக்காகும். ஆகவே பழைய கிற்றாரை ஊருக்கு வரும் சொந்தக்காரரின் பெட்டியில் வரவழைப்பதே இலாபம். கிற்றார் ஹீரோ 3இன் லெஸ் போல் கிற்றார் கழுத்து கழன்று இரண்டாகும், சூட்கேஸில் அடங்கும். ரிஃப்மாஸ்டருக்குள் இருப்பது லித்தியம் பற்றரி, அதைக் கைப்பையில்தான் கொண்டுவரச் சொல்லவேண்டும்.

கையில் எடுத்ததும் செய்யவேண்டிய சோதனைகள் பத்து நிமிட வேலை. முதலில் பற்றரி மூடியைக் கழற்றுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. கடற்காற்றுப் படுகிற வெள்ளவத்தை, தெஹிவளை வீடுகளில் இது வேகமாக நடக்கும். ஸ்பிரிங் மட்டும் என்றால் வினாகிரியில் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் மீண்டும் துடைத்துக் காயவிட்டால் மீளும். பச்சை உள்ளே சர்க்கியூட் பலகைக்கு இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு மடிக்கணினியில் குத்தி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறவுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் இருபது தரம் மெதுவாகவும் இருபது தரம் வேகமாகவும் அழுத்துங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்துங்கள். கழுத்து கழலும் மொடலில் இதைச் செய்தபடியே கழுத்தை மெல்ல அசையுங்கள். விளக்கு அணைந்து அணைந்து வந்தால் இணைப்பு முனைகள் தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கின்றன. அல்கஹோல் துடைப்பு சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு முனைகளை விட்டுவிட்டு வயர் வைத்து ஈயம் பற்றுவது, அதன் பின் கழுத்து கழலாது.

ஸ்ட்ரம் பாரைக் கீழே நூறு தரம், மேலே நூறு தரம் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு பதிவானால் உள்ளே இருக்கும் சிறிய சுவிச் தேய்ந்துவிட்டது. இதுதான் அதிகம் சாகும் பாகம், மாற்றக்கூடியதும் இதுதான். கிற்றார் ஹீரோ கிற்றார்களில் கிளிக் சத்தம் வரும் மைக்ரோசுவிச், பல றொக் பாண்ட் கிற்றார்களில் சத்தமில்லாத மெத்தென்ற வகை. வேகப் பாட்டுக்கு கிளிக் நல்லது. குழந்தை தூங்கும் வீட்டுக்கு மற்றது. கடைசியாகக் கழுத்தை நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்த்தியது பதிவாகாவிட்டாலும் வாங்கலாம், சக்தியை விடுவிக்க வேறொரு பொத்தானும் இருக்கிறது.

இதெல்லாம் செத்துப்போன கிற்றாரை என்ன செய்வது? ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகையை உள்ளே வைத்து, ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் வயர் பற்றி, சான்ட்ரோலர் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அது யூஎஸ்பி வயர்க் கிற்றாராக உயிர்க்கும். டொங்கிள் தொலைந்த கிற்றாரை எடுக்கத் துணிய ஒரே காரணம் இதுதான், அதுவும் ஈயம் பற்றத் தெரிந்தால்.

வில்லை சரி, சத்தம் பிந்துகிறது

புதிதாக வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் கைவிடுவதற்கு முதல் காரணம் தாமதம். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் கால் தட்டு என்பது 125 மில்லி செக்கன். இலவச விளையாட்டான க்ளோன் ஹீரோ ஒரு வில்லைக்குத் தரும் அவகாசம் முன்னே 70, பின்னே 70, மொத்தம் 140. ரீவி படத்தை அழகாக்க எடுக்கும் நேரமே இதில் பாதியைத் தின்றுவிடலாம். புளூடூத் ஸ்பீக்கர் போட்டால் ஒலி பெரும்பாலும் 150க்கு மேல் பிந்தும். கை சரியாக அடிக்கும், காது பிழை என்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் ஆள் களைத்துப்போவார்.

வரிசை இதுதான். ரீவியில் கேம் மோடைப் போடுங்கள், படத்தை மென்மையாக்கும் எல்லா வசதியையும் அணையுங்கள். ஸ்பீக்கரை வயரில் இணையுங்கள். விழாவுக்கு வாங்கிய, சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் என்றாலும் அதன் பின்னால் வயர்த் துளை இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகுதான் விளையாட்டின் கலிபிரேஷன் திரைக்கு, அதாவது தாமதத்தை அளந்து ஈடுசெய்யும் திரைக்கு, போகவேண்டும். முதலில் கண்ணை மூடி ஒலிக்கு மட்டும் தட்டுங்கள், பிறகு ஒலியை அணைத்துப் படத்துக்கு மட்டும். இரண்டையும் மூன்று தரம் செய்து நடு எண்ணை வையுங்கள். றொக் பாண்ட் 2 காலத்துக் கிற்றார்களில் ஒளியையும் ஒலியையும் உணரும் கண்ணும் மைக்கும் உள்ளேயே உண்டு, ரீவிக்கு முன்னால் பிடித்தால் தானே அளந்துவிடும்.

கலிபிரேஷன் எல்லாவற்றையும் தீர்க்காது. பாட்டு முன்கூட்டியே தெரிந்தது என்பதால் விளையாட்டு அதை முன்தள்ளி ஒலிக்கவிடலாம். உங்கள் தவறுக்குக் கிற்றார் அடங்குவது முன்கூட்டித் தெரியாது, அது பிந்தியே கேட்கும். மைக்கில் பாடுகிறவரின் குரல் ஸ்பீக்கரில் பிந்தி வருவதும் அப்படியே. வயருக்கு மாற்று வயர்தான்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிகளில் மலிவானது மைக், சாதாரண யூஎஸ்பி மைக்குகளில் பலவும் ஏற்கும். விளையாட்டு பார்ப்பது சுருதியை, சொல்லை அல்ல. எந்த ஸ்தாயியில் பாடினாலும் புள்ளி விழும், ஆங்கில வரி வாயில் நுழையாத அம்மம்மா முனகினாலும் விழும். கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள் ஆரம்பத்தில் தடுமாறுவார்கள். காரணம் அவர்கள் பழக்கத்தில் சுரத்தை அசைத்துப் பிடிப்பது. திரையில் அம்பு மேலும் கீழும் ஆடும், புள்ளி பாதியாகும். கமகமில்லாமல் தட்டையாகப் பிடிக்கச் சொன்னால் இரண்டாம் பாட்டிலேயே மற்ற எல்லாரையும் தாண்டிவிடுவார்கள்.

ட்ரம்ஸை நான் மறுப்பது விளையாட்டின் குறையால் அல்ல. உச்ச நிலையில் ட்ரம்ஸ் வாசிப்பது ஏறக்குறைய உண்மையான வாசிப்பேதான், கையும் காலும் கற்பது அப்படியே மேடைக்குப் போகும். அதனால்தான் அதற்குப் பிளாஸ்டிக் பலகை போதாது. முதல் றொக் பாண்டின் கால் பெடல் நடுவில் பிளந்துபோவதற்குப் பெயர்பெற்றது, அடுத்த பதிப்பில் உலோகத் தகடு வைத்தார்கள். ரப்பர்ப் பலகையில் குச்சி விழும் ஓசை தொடர்மாடியில் மூன்று வீடு கேட்கும். அதே காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, யூஎஸ்பி மிடி (எதைத் தட்டினோம் என்பதை எண்ணாகக் கணினிக்கு அனுப்பும் முறை) உள்ள, வலைத்தோல் பூட்டிய மலிவான மின் ட்ரம்ஸ் வாங்குங்கள். க்ளோன் ஹீரோவும், அதைப் போலவே இலவசமான, குரலையும் ஏற்கும் யார்க் விளையாட்டும் அதை நேரே ஏற்கும். பொதுவான மிடி எண்கள்: கால் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைட் 51. ஹைஹாட்டுக்கு இரண்டு எண்ணையும் ஒரே மஞ்சளுக்குக் கொடுக்க மறந்தால் பாதி அடி காணாமல் போகும். ஒன்றைத் தட்ட அருகிலுள்ளதும் பதிவானால் ட்ரம்ஸ் பெட்டியில் த்ரெஷோல்டை, அதாவது அடியாக ஏற்கும் குறைந்தபட்ச வலிமையை, கூட்டுங்கள். காலடி அதிர்வுக்குப் பெடலின் கீழே மடித்த பழைய தும்பு மெத்தைத் துண்டும் அதன்மேல் ஒரு பலகையும் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார்.

இலவசம் என்றால் ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவலும் இலவசம்தான். 2021இல் ஹார்மோனிக்ஸை வாங்கிய எபிக் நிறுவனத்தினுடையது, 2023 டிசெம்பரில் வந்தது. பாட்டுகள் சுழற்சியில் மாறும், பிடித்ததை வைத்திருக்கத் தனியாகக் காசு, எப்போதும் இணையம் வேண்டும். பழகிப்பார்க்க நல்லது.

க்ளோன் ஹீரோ என்னை இழுப்பது வேறு காரணத்துக்காக. பாட்டு என்பது அதில் ஒரு கோப்புறை மட்டுமே: ஒலிக்கோப்பு, வில்லைகள் எழுதிய கோப்பு, பெயர் விவரம் எழுதிய கோப்பு. மூன்ஸ்க்ரேப்பர் என்ற இலவச மென்பொருளால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு, உங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்காக, நீங்களே வில்லை எழுதலாம். ஒரே கலவையாக உள்ள ஒலியானால் தவறும்போது கிற்றார் மட்டும் அடங்காது, அந்த இழப்பு இருக்கிறது. ஆனால் எந்த டிஸ்க்கிலும் இல்லாத நம் பாட்டுகள் விரலுக்கு வரும்.

பைலாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக் கலியாண வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த ஆறெட்டுத் தாளம் உடம்பில் இருக்கிறது, ஆனால் டிஸ்க்கில் வரும் றொக் பாட்டுகள் பெரும்பாலும் நான்கில். எழுதும்போது முதல் பிழை வேகத்தில் வரும். காலால் தட்டினால் நிமிடத்துக்கு 120 என்று வரும், அதை அப்படியே எழுதினால் கோடுகள் பாட்டோடு சேராது. கோப்பு எண்ணுவது மேற்கத்தைய முறையின் கால் சுரத்தை (குவாட்டர் நோட்). நம் ஒவ்வொரு தட்டும் ஒன்றரைக் கால் சுரம், ஆகவே 180 என்று எழுதவேண்டும். கால் சுரத்துக்கு 192 அலகு, அரைக்கால் சுரத்துக்கு 96, ஒரு முழு ஆவர்த்தத்துக்கு 576. பழைய ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்கள் கடிகாரம் வைத்து வாசிக்கவில்லை, பாட்டு சூடாகச் சூடாக வேகம் ஏறும். இரண்டு, நான்கு ஆவர்த்தத்துக்கு ஒருமுறை வேகத்தைத் திருத்தி, ட்ரம்ஸின் முதல் அடியைக் கோட்டில் நிறுத்திக்கொண்டே போகவேண்டும். ஒரு மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கையில். கீழ், மேல் என்று மாறி மாறித் தட்டிப் பழகிய கை, மூன்று மூன்றாக வரும் தாளத்தில் முதல் அழுத்தத்தைக் கீழ்த் தட்டிலும் இரண்டாம் அழுத்தத்தை மேல் தட்டிலும் பிடிக்கும். மேல் தட்டு வலுவில்லாதது, அங்கேதான் பிந்தும். கீழ்-மேல்-கீழ், திரும்பவும் கீழ்-மேல்-கீழ் என்று தட்டுங்கள். அந்த வேகத்தில் அடுத்தடுத்த இரண்டு கீழ்த் தட்டுகளுக்கு நடுவே 167 மில்லி செக்கன் இருக்கிறது, பெருவிரல் திரும்பி வர அது தாராளம்.